சிறையின் துர்நாற்றமும் நீதிபதியின் மலர்க்கொத்தும்

இலண்டன் மாநகரில் ஓல்ட் பெய்லி என்றழைக்கப்படும் மத்திய குற்றவியல் நீதிமன்றத்தில் இன்றும் ஒரு பழைய வழக்கம் பேணப்பட்டு வருகின்றது. மே தொடக்கம் செப்டெம்பர் வரையான மாதங்களில் குறித்த சில நாட்களில் நீதிபதிகள் கையில் சிறியதொரு மலர்க்கொத்தை ஏந்தியவாறு நீதிமன்றத்துக்குள் நுழைவார்கள். ஆங்கிலேயரின் மரபுப் பற்றுக்கு எடுத்துக்காட்டாக இதைப் பலர் வியந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால், அந்த மலர்க்கொத்தின் வரலாறு அழகானதல்ல. நீதிமன்றத்தின் பக்கத்திலேயே நியூகேற் சிறைச்சாலை இருந்த காலத்தில், அங்கிருந்து விசாரணைக்குக் கொண்டுவரப்படும் கைதிகளின் உடலிலிருந்து எழும் நாற்றம் தங்களைத் தீண்டி நோய் தந்துவிடும் என்று அஞ்சிய நீதிபதிகள் மூக்கருகே பிடித்துக்கொண்ட வாசனைத் தழைகளின் எச்சமே அது. கைதிகள் நிற்கும் கூண்டைச் சுற்றி அருவதா என்ற மூலிகையைப் பரப்பி வைத்தார்கள். தரைக்கு வினாகிரி தெளித்தார்கள். நீதிபதியின் மூக்குக்குக் காவல் இருந்தது. இரவும் பகலும் அந்த நாற்றத்துக்குள்ளேயே கிடந்த கைதியின் மூக்கைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை.

இந்த விடயத்தில் எனக்கு அக்கறை ஏற்பட்டமைக்கு ஒரு தனிப்பட்ட காரணமும் உண்டு. பத்திரிகைத் துறையில் நுழைந்த ஆரம்ப வருடங்களில் நீதிமன்றச் செய்திகளைத் திரட்டுவதற்கு நான் அனுப்பப்பட்டேன். காலையில் விளக்கமறியல் கைதிகளை ஏற்றிக்கொண்டு வாகனம் வந்து நின்றதும் நீதவான் நீதிமன்றத்தின் யன்னல்கள் எல்லாம் அவசர அவசரமாகத் திறக்கப்படும். முதலியார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். கைதிகளில் பலர் கைகளையும் இடுப்பையும் ஓயாது சொறிந்துகொண்டு நிற்பார்கள். விளக்கமறியலில் சிரங்கு பரவியிருப்பதாக அவர்களின் உறவினர்கள் என்னிடம் முறையிட்டபோது, விசாரித்து அறிந்து ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். "மறியற்காரனுக்குச் சிரங்கு வந்தால் அது ஒரு செய்தியா தம்பி?" என்று கேட்டுவிட்டு செய்தி ஆசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டார். சில வாரங்களின் பின்னர் நீதிமன்ற ஊழியர்கள் சிலருக்கும் அதே சிரங்கு தொற்றியது. அன்று ஓரமாக வைக்கப்பட்ட அதே செய்தி முதற்பக்கத்தில் நான்கு பத்திகளில் வெளியாயிற்று. அந்த நாள் கற்றுத்தந்த பாடத்தை நான் மறக்கவில்லை. சிறைக்குள்ளே இருக்கும்வரை நோய் ஒரு செய்தியல்ல. மதிலைத் தாண்டி வந்தால்தான் அது நோயாகவே மதிக்கப்படுகிறது.

ஐரோப்பியச் சிறைகளின் சுகாதார வரலாற்றைப் படிக்கும் தோறும் அந்தச் செய்தி ஆசிரியரின் குரலே எனக்குக் கேட்கிறது. அந்த வரலாற்றை நமக்குச் சொல்பவர்கள் ஓர் ஆறுதலான கதையாகவே சொல்கிறார்கள். 'அக்காலத்தில் கிருமிகளைப் பற்றிய அறிவு இருக்கவில்லை. கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று நம்பினார்கள். அதனால் கைதிகள் இறந்தார்கள். பின்னர் விஞ்ஞானம் வளர்ந்தது. பிரச்சினை தீர்ந்தது' என்பதே அக்கதையின் சுருக்கம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை மறைப்பதற்கு அந்தப் பாதி உண்மை பயன்படுகிறது என்பதே எனது வாதம். அறிவு இல்லாததனால் மாத்திரம் கைதிகள் இறக்கவில்லை. செய்ய வேண்டியது என்னவென்று போதுமான அளவுக்குத் தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டதனாலேயே பெரும்பாலானோர் இறந்தார்கள்.

நீதிபதிகள் இறந்தபோது

1577ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒக்ஸ்போர்ட் நகரில் நடைபெற்ற நீதிமன்ற அமர்வை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் 'கறுப்பு அமர்வு' என்று குறிப்பிடுகிறார்கள். ரோலன்ட் ஜென்க்ஸ் என்ற கத்தோலிக்கர், புத்தகங்களுக்குக் கட்டமைக்கும் தொழிலாளி, அரசுக்கு எதிராகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் அங்கு விசாரிக்கப்பட்டார். அவரது காதுகளைத் தண்டிக்கும்படி தீர்ப்பாயிற்று. அடுத்த சில வாரங்களில் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த பிரதான நீதிபதிகளில் ஒருவரான சேர் ரொபர்ட் பெல் உட்பட சுமார் 300 பேர் காய்ச்சல் கண்டு மடிந்தார்கள். சிலர் அதைக் கத்தோலிக்கரின் சூனியம் என்றார்கள். சிலர் கடவுளின் தண்டனை என்றார்கள். கொள்ளைநோய்க்கு அடுத்தபடியாக மிகவும் கொடிய தொற்று சிறையின் நாற்றமே என்று பின்னாளில் பிரான்சிஸ் பேக்கன் எழுதினார். அதாவது, ஆபத்து எங்கேயிருந்து வருகிறது என்பது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்த விடயம். இருந்தும், அடுத்த நூற்றாண்டு முழுவதும் சிறைகள் இருந்தவாறே இருந்தன.

1750ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அதே அவலம் ஓல்ட் பெய்லியில் நிகழ்ந்தது. சிறிய மண்டபம், விசாரணையைப் பார்க்க நெருக்கியடித்த கூட்டம், மண்டபத்தை ஒட்டிய சிறு அறைகளில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த நியூகேற் கைதிகள். அமர்வு முடிந்து சில நாட்களில் இலண்டன் மாநகர முதல்வர் சேர் சாமுவேல் பென்னன்ட், நீதிபதிகள் இருவர், நகரசபை மூத்த உறுப்பினர் ஒருவர், சட்டத்தரணிகள், ஜூரர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் நடுங்கிப் போயிற்று. குழு அமைக்கப்பட்டது, நிபுணர்களின் ஆலோசனை கேட்கப்பட்டது, பணம் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நியூகேற்றுக்குள்ளே ஓயாமல் மரணித்துக்கொண்டிருந்த கைதிகள் ஒரு குழுவுக்குக்கூடப் பெறுமதியாக இருக்கவில்லை. நீதிபதிகளின் இரண்டு சடலங்கள் பெறுமதியாக இருந்தன.

கூரையில் சுழன்ற காற்றாலை

ஆலோசனை வழங்க அழைக்கப்பட்ட இருவரும் சாதாரணமானவர்கள் அல்லர். ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ். டெடிங்டன் கிராமத்துப் பாதிரியார். குதிரையின் இரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்து காட்டிய ஆய்வாளர். பெருந்துருத்தி போன்று இயங்கி மூடிய இடங்களிலிருந்து பழைய காற்றை வெளியேற்றும் பொறியொன்றை அவர் 1740களில் உருவாக்கியிருந்தார். மற்றையவர் இராணுவ மருத்துவரான சேர் ஜோன் பிரிங்கிள். படைமுகாம் ஆஸ்பத்திரிகளில் வரும் காய்ச்சலும் சிறைகளில் வரும் காய்ச்சலும் ஒன்றே என்று 1750ஆம் ஆண்டிலேயே எழுதிய பெருமை அவருக்குரியது. இருவரும் மனிதாபிமானம் உடையவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1752ஆம் ஆண்டில் நியூகேற்றின் கூரை மீது ஒரு காற்றாலை எழுந்தது. அது சுழலும்போது கீழே துருத்திப் பலகைகள் அசையும். குழாய்கள் வழியாகச் சிறைக்கூடங்களின் கெட்ட காற்று உறிஞ்சப்பட்டுக் கூரைக்கு மேலே கொண்டுசெல்லப்படும். மரணங்கள் குறைந்துவிட்டன என்று ஹேல்ஸ் உரிமை கோரினார். ஆனால், அந்தப் பொறியைப் பொருத்தும் வேலையில் ஈடுபட்ட தொழிலாளர்கள் பலரை அதே சிறைக்காய்ச்சல் பிடித்தது. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரிடமிருந்து குடும்பம் முழுவதற்கும் நோய் தொற்றியது. இதை 1753ஆம் ஆண்டில் ரோயல் சங்கத்துக்கு எழுதி அறிவித்தவர் வேறு யாருமல்லர்; பிரிங்கிளேதான். காற்றைத் தூய்மையாக்கப் போனவர்கள் நோயோடு திரும்பினார்கள்.

ஏன் அப்படி நடந்தது என்பதை இன்று நாம் அறிவோம். சிறைக்காய்ச்சல் என்பது டைபஸ் காய்ச்சல். நெருப்புக் காய்ச்சல் என்று எங்கள் ஊர்களில் சொல்லப்படும் டைபொயிட் வேறு, இது வேறு. டைபஸ் காற்றில் வருவதில்லை. மனித உடைகளின் மடிப்புகளிலும் தையல்களிலும் வாழ்கின்ற பேன் அதைக் காவுகிறது. காய்ச்சலால் கொதிக்கும் உடம்பில் பேன் தங்காது; பக்கத்தில் படுத்திருப்பவனின் உடைக்கு மாறிவிடும். அதன் எச்சம் சொறிந்த தோலின் வழியாக இரத்தத்தில் கலக்கும். தமிழில் இந்தப் பேனுக்குச் சீலைப்பேன் என்று பெயர். தலைமயிரில் வாழும் பேனிலிருந்து அதை வேறுபடுத்தி, அது எங்கே குடியிருக்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள் எங்கள் முன்னோர். துணி மாற்றாத இடத்தில், குளிக்க நீரில்லாத இடத்தில், ஒருவரோடொருவர் ஒட்டிப் படுக்க வேண்டிய இடத்தில் சீலைப்பேன் பெருகும். கூரையில் காற்றாலை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கீழே வைக்கோலில் படுத்திருப்பவனின் சட்டைத் தையலிலிருந்து அது ஒரு பேனைக்கூட அகற்றாது.

தெரியாமலா விட்டார்கள்?

'அன்றைய மனிதர்களுக்குப் பேனைப் பற்றித் தெரியாதே, அவர்களைக் குறை கூறலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பேனைப் பற்றித் தெரியாதென்பது உண்மை. ஆனால், நோயைத் தடுப்பதற்குப் பேனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லின்ட் ஹாஸ்லார் ஆஸ்பத்திரியில் பணியாற்றியபோது, கப்பற்காய்ச்சல் மனிதர்களின் அழுக்குத் துணிகளோடு பயணம் செய்கிறது என்பதைக் கவனித்தார். புதிதாக வருபவர்களின் உடைகளைக் களைந்து, அவர்களைக் குளிப்பாட்டி, மாற்றுடை கொடுத்து, பழைய துணிகளைச் சூடான அடுப்பறைகளில் இட வேண்டும் என்று 1760களிலேயே எழுதினார். காரணத்தைத் தவறாக விளங்கிக்கொண்டிருந்தாலும் பரிகாரத்தைச் சரியாகச் சொன்னார். சவர்க்காரம், வெந்நீர், மாற்றுத்துணி, போதிய இடம் ஆகிய நான்கும் போதும். இவற்றில் எதற்கும் நுணுக்குக்காட்டி தேவையில்லை.

இனி ஜோன் ஹவார்டுக்கு வருவோம். 1773ஆம் ஆண்டில் அவர் பெட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் செரிப் பதவியை ஏற்றார். எங்கள் நாட்டில் பிஸ்கல் என்று அறியப்பட்ட உத்தியோகத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது அது. பதவியை அலங்காரமாக வைத்துக்கொள்ளாமல் சிறையை நேரில் சென்று பார்த்தார். அங்கு கண்ட காட்சி அவரது எஞ்சிய வாழ்க்கையின் திசையையே மாற்றியது. நிரபராதிகள் என்று விடுதலை செய்யப்பட்டவர்களும் வழக்கே தாக்கல் செய்யப்படாதவர்களும் மீண்டும் சிறைக்குள் இழுத்துச் செல்லப்பட்டுப் பூட்டப்பட்டார்கள். காரணம், சிறைக்காப்பாளருக்குரிய கட்டணத்தைச் செலுத்த அவர்களிடம் பணம் இருக்கவில்லை. சிறைக்காப்பாளருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடமிருந்து கறக்கும் கட்டணமே அவரது வருமானம். நீதிமன்றம் விடுவித்த மனிதனைக் காய்ச்சல் கொன்றது.

அவர் அதன் பின்னர் நாடெங்கும் குதிரையில் சென்று சிறைகளைப் பார்த்தார். குதிரையில் சென்றமைக்கும் ஒரு காரணம் இருந்தது. சிறைகளுக்குள் போய்வந்த பின்னர் அவரது உடைகளில் ஏறியிருந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மூடிய வண்டியில் பயணம் செய்ய அவராலேயே முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தின் தாள்களை நெருப்பருகே விரித்துக் காயவைத்த பின்னரே பயன்படுத்த முடிந்தது. நாற்றத்துக்கு மாற்றாகக் கொண்டுசென்ற வினாகிரிக் குப்பியே சில சிறைகளைப் பார்த்த பின்னர் சகிக்க முடியாததாகிவிட்டது. 1777ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறைகளின் நிலை பற்றிய நூலில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன.

அந்த நூலில் உள்ள ஒரு தகவலை அறிந்தபோது நான் திகைத்துப்போனேன். அக்காலத்தில் இங்கிலாந்தில் யன்னல்களுக்கு வரி இருந்தது. சிறைக் கட்டிடத்தின் யன்னல் வரியைச் சிறைக்காப்பாளரே செலுத்த வேண்டும். வரியை மிச்சப்படுத்துவதற்காக அவர்கள் யன்னல்களை அடைத்துவிட்டார்கள். ஆம், ஒரு பக்கத்தில் நியூகேற்றின் காற்றைச் சுத்திகரிப்பதற்குப் பெரும் பொருட்செலவில் காற்றாலை. மறுபக்கத்தில் சிறைகளின் யன்னல்களை அடைக்கத் தூண்டுகின்ற வரி. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில். கெட்ட காற்றுத்தான் நோய்க்குக் காரணம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருந்தால் முதலில் செய்திருக்க வேண்டியது என்ன? அந்த வரியிலிருந்து சிறைகளுக்கு விலக்களித்திருக்க வேண்டும். தங்கள் சொந்தக் கோட்பாட்டுக்குக்கூட அவர்கள் உண்மையாக இருக்கவில்லை. இதை அறியாமை என்று சொல்வதற்கு எனது மனம் ஒப்பவில்லை.

சட்டம் வந்தது, கூடவே கப்பலும் வந்தது

ஹவார்ட் பாராளுமன்றத்தில் சாட்சியமளித்தார். அலெக்சாண்டர் பொபம் என்ற உறுப்பினரின் முயற்சியில் 1774ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் நிறைவேறின. விடுதலையானவர்களிடம் கட்டணம் அறவிடக்கூடாது என்றது ஒரு சட்டம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது சிறைச் சுவர்களைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அறைகளைக் கழுவிக் காற்றோட்டம் பேண வேண்டும், நோயாளிகளுக்கு ஆண், பெண் என்று தனித்தனி அறைகள் ஒதுக்க வேண்டும், குளிக்க வசதி செய்ய வேண்டும், மருத்துவர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது மற்றைய சட்டம். அந்தச் சட்டத்தைப் பலகையில் எழுதிச் சிறையில் தொங்கவிட வேண்டும் என்றும் கூறப்பட்டது. நல்ல சட்டம், இன்றைக்கும் பொருந்தக்கூடிய சட்டம். அதன் பிரதிகளைத் தனது சொந்தச் செலவில் அச்சிட்டு ஒவ்வொரு சிறைக்கும் அனுப்பினார் ஹவார்ட். பின்னர் சிறை சிறையாகச் சென்று பார்த்தபோது, பலகையைத் தொங்கவிடுகின்ற மிகச் சுலபமான கடமையைக்கூடச் செய்யாத சிறைகள் பலவற்றை அவர் தனது நூலில் குறித்துவைக்க வேண்டியதாயிற்று.

அந்த நூலிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் அவர் எண்ணிக் கண்டவர்கள் 4,084 பேர். அவர்களில் 2,437 பேர் கடனாளிகள். அதாவது, பாதிக்கும் மேற்பட்டோர் திருடியவர்களோ கொலை செய்தவர்களோ அல்லர். கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதவர்கள். தூக்கிலிடப்பட்டவர்களைவிடச் சிறைக்காய்ச்சலில் மாண்டவர்களே அதிகம் என்றும் ஹவார்ட் தீர்மானமாகச் சொன்னார். இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிறையின் காற்றைச் சுத்தமாக்குவதற்கு மிகச் சிறந்த வழி எது? அந்த 2,437 பேரையும் வீட்டுக்கு அனுப்புவது. செலவில்லாத வழி. ஆனால், கடன் கொடுத்தவனின் உரிமையில் கைவைக்க வேண்டியிருந்த காரணத்தால் அந்த வழி எவருடைய ஆலோசனையிலும் முதலிடம் பெறவில்லை.

சட்டம் நிறைவேறி இரண்டு வருடங்களில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கக் குடியேற்றங்களில் போர் மூண்டதால் கைதிகளை அங்கு நாடுகடத்த முடியாமல் போயிற்று. தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களை நிறுத்தி அவற்றைச் சிறைகளாக்கினார்கள். 1776 ஆகஸ்ட் தொடக்கம் ஏறத்தாழ இருபது மாதங்களில் அந்தக் கப்பல்களில் அடைக்கப்பட்ட 632 பேரில் 176 பேர் இறந்துபோனார்கள். சிறைக்கைதிகளின் சுகாதாரத்தைப் பேணுவதற்கான சட்டத்தை நிறைவேற்றிய அதே பாராளுமன்றத்தின் கண்ணெதிரே, தலைநகரின் நதியிலேயே, நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த சுகாதாரம் கப்பலில் ஏறவில்லை.

யாருடைய புகை பெரிது?

காற்றாலைக்குப் பின்னர் புகை வந்தது. 1773ஆம் ஆண்டில் பிரான்சின் டிஜோன் நகரில் குய்தோன் டி மோர்வோ என்ற வேதியியலாளர் உப்பின் மீது கந்தக அமிலத்தை ஊற்றி எழுந்த ஆவியால் தேவாலயத்தையும் சிறையையும் சுத்திகரித்தார். 1780ஆம் ஆண்டில் வின்செஸ்டரில் ஸ்பானியப் போர்க்கைதிகளிடையே சிறைக்காய்ச்சல் பரவியபோது ஜேம்ஸ் கார்மைக்கேல் ஸ்மித் என்ற மருத்துவர் வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு வேறோர் ஆவியைப் பரப்பினார். 1802ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அவருக்கு 5,000 பவுண் வெகுமதி வழங்கியது. அக்காலத்தில் அது பெருந்தொகை. உடனே சர்ச்சை மூண்டது. 'எங்கள் குய்தோனே முதலாவது ஆள்' என்றார்கள் பிரெஞ்சுக்காரர். 'எனது தகப்பனார் 1758ஆம் ஆண்டிலேயே செய்துவிட்டார்' என்று உரிமை கோரினார் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கில மருத்துவர். யாருடைய புகை முதலில் எழுந்தது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்தக் கைதிகளை ஏன் அவ்வளவு நெருக்கமாக அடைத்து வைத்தார்கள் என்பதைப் பற்றி அந்தச் சர்ச்சையில் பேச்சே எழவில்லை.

1842ஆம் ஆண்டில் இலண்டனில் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறை இந்தச் சிந்தனையின் உச்சம். ஒவ்வொரு கைதிக்கும் தனியறை. சுவரின் உள்ளே ஓடும் குழாய்களால் அறைக்கு அறை சூடாக்கப்பட்ட புதிய காற்று. ஹேல்ஸ் கண்ட கனவு நிறைவேறிற்று. ஆனால், கைதிகள் யன்னல் வழியாக ஒருவரோடொருவர் பேசிவிடக்கூடாது என்பதற்காக யன்னல்கள் திறக்க முடியாதவையாக அமைக்கப்பட்டன. அறைக்கு வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் தொப்பி அணிய வேண்டும். காற்றைக் கொடுத்துவிட்டு மனிதக் குரலைப் பறித்துக்கொண்டார்கள். சித்தம் கலங்கியவர்கள் அந்தச் சுத்தமான காற்றைச் சுவாசித்தவாறே கலங்கினார்கள்.

டைபஸின் மர்மம் துலங்கியது 1909ஆம் ஆண்டில், தூனிஸ் நகரில். சார்ள்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அங்கு வந்த புதிதில் சிறையொன்றில் பரவிய டைபஸ் காய்ச்சலைப் பார்வையிடப் புறப்பட ஆயத்தமானார். உடல்நலம் கெட்டதால் போகவில்லை. போய் அங்கு இரவு தங்கிய சக மருத்துவரும் அவரது பணியாளரும் நோய் தொற்றி இறந்தார்கள். பின்னர் நிக்கோல் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியின் வாசல்வரை நோயாளி மற்றவர்களுக்கு நோயைத் தொற்றவைக்கிறார். வாசலில் உடைகளைக் களைந்து, குளிப்பாட்டி, ஆஸ்பத்திரி உடையை அணிவித்து உள்ளே அனுப்பிய பின்னர் அவரால் எவருக்கும் தொற்றுவதில்லை. அப்படியென்றால், நோயைக் காவும் பொருள் அந்த உடையில்தான் இருக்க வேண்டும். அந்தத் துப்பு அவரைப் பேனிடம் கொண்டுசென்றது. 1928ஆம் ஆண்டில் நோபல் பரிசையும் பெற்றுத்தந்தது. லின்ட் எழுதி வைத்த பரிகாரம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர் விஞ்ஞான விளக்கத்தைப் பெற்றது. விளக்கம் கிடைக்கும்வரை பரிகாரம் காத்திருக்க வேண்டிய தேவை இருந்ததா என்பதே எனது கேள்வி.

எங்கள் மதிலுக்கு உள்ளே

காற்றோட்டம் வேண்டாம் என்று நான் வாதிடுவதாக வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. சயரோகம் காற்றில் பரவுகிறது. கொவிட் 19 காற்றில் பரவியது. அந்த வகையில் திறந்த யன்னலின் அருமையை ஹேல்ஸ் உணர்ந்திருந்தமை வீண்போகவில்லை. ஆனால், ஒரு அறையில் இருக்கக்கூடியவர்களின் தொகையைப் போல இரண்டு மூன்று மடங்கினரை அடைத்துவிட்டு யன்னலைத் திறந்துவைப்பதில் பயன் என்ன? பேனானாலும் சரி, காற்றானாலும் சரி, நெரிசல்தான் நோயின் தாய்.

இதற்கு 18ஆம் நூற்றாண்டின் இலண்டனுக்குப் போகத் தேவையில்லை. பிரித்தானியர் எங்கள் நாட்டுக்கு விட்டுச்சென்றவற்றில் சட்டப் புத்தகங்கள் மாத்திரமல்ல, சிறைகளும் அடங்கும். 1841ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய வெலிக்கடைச் சிறைச்சாலை இன்றும் சிறைச்சாலையாகவே இருக்கிறது. 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைச்சாலையில் என்ன நடந்தது? கொள்ளளவைப் போன்று இரு மடங்குக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்த அந்தச் சிறைக்குள் கொவிட் பரவியது. எங்களுக்குப் பரிசோதனை செய்யுங்கள், பிணையில் செல்ல வழிவிடுங்கள் என்று கைதிகள் கோரினார்கள். கலவரம் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 11 கைதிகள் உயிரிழந்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2023 ஆகஸ்டில் காலிச் சிறைச்சாலையில் மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் பக்டீரியா பரவி இரு கைதிகள் இறந்தார்கள். உடனடியாகப் புதிய கைதிகளை அங்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதாவது, இடம் இல்லாத சிறைக்கு ஆட்களை அனுப்பாமல் இருக்க முடியும் என்பது இரு மரணங்களின் பின்னர் தெரியவந்தது.

எங்கள் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியல் கைதிகள். தண்டனை பெற்று உள்ளே செல்பவர்களிலும் கணிசமானோர் தண்டப்பணத்தைச் செலுத்த வழியில்லாத ஏழைகள். ஹவார்ட் எண்ணிய அந்த 2,437 கடனாளிகளை எனக்கு இவர்கள் நினைவூட்டுகிறார்கள். அரசியல் வழக்குகளில் வருடக் கணக்காக விளக்கமறியலில் கிடந்து, இறுதியில் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்ட தமிழ் இளைஞர்களைப் பற்றி நான் எத்தனை செய்திகள் எழுதியிருப்பேன்! அவர்களில் சிலர் சிறையிலிருந்து கொண்டுவந்த இருமலை எந்தத் தீர்ப்பாலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

சிறையில் நோய் பரவும் ஒவ்வொரு தடவையும் அதிகாரிகள் கிருமிநாசினி தெளிக்கிறார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வருகிறது. அது எனக்கு நியூகேற்றின் காற்றாலையையும் வின்செஸ்டரின் புகையையும் ஞாபகப்படுத்துகிறது. தெளிப்பது தவறல்ல, தெளிப்பதோடு கடமை முடிந்தது என்று கருதுவதுதான் தவறு. பிணைச் சட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவதும், தண்டப்பணம் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவதும், வழக்குகளைத் துரிதமாக முடிப்பதும் சுகாதார நடவடிக்கைகளே. நீதவான் ஒருவர் தேவையில்லாத ஒரு விளக்கமறியல் உத்தரவில் கையெழுத்திட மறுக்கும்போது அவர் ஒரு மருத்துவரின் வேலையையும் செய்கிறார்.

ஜோன் ஹவார்ட் 1790 ஜனவரியில் கருங்கடலுக்கு அண்மையில் உள்ள கெர்சன் என்ற ஊரில் காலமானார். அவரைப் பலிகொண்டதும் அதே காய்ச்சல்தான் என்று சொல்லப்படுகிறது. நியூகேற் சிறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அதே நிலத்தில்தான் இன்றைய ஓல்ட் பெய்லி எழுந்தது. நீதிபதிகளின் கையில் மலர்க்கொத்து இன்னமும் இருக்கிறது. அதை அவர்கள் வைத்திருக்கட்டும். ஆனால், அந்த மலர்கள் எதற்காக முதலில் பறிக்கப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது இலண்டன் நீதிபதிகளுக்கு மாத்திரமல்ல, மறியற்காரனின் சிரங்கு செய்தியல்ல என்று இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் எல்லோருக்கும் உரிய கடமை.